ஆர்எஃப் சூட்டில் ரப்பர் வார்ப்பவர்களுக்குக் காப்புரிமை: எங்கே தொடங்குவது?

50 மி.மீ. கனமுள்ள ரப்பர் கட்டை ஒன்றை நேரம் முடியும் முன்னே அவசரப்பட்டு பிரஸ்ஸிலிருந்து (சூடான தட்டுகளால் அழுத்தி வேகவைக்கும் எந்திரம்) எடுத்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆறவிட்டு நடுவே அறுத்துப் பாருங்கள். வெளித்தோல் நகம் பதியாமல் இறுகியிருக்கும். உள்ளே போகப் போகப் பிசுபிசுக்கும். நடுப்பகுதியில் பொடிப்பொடியாகக் குமிழிகள் தெரியும். ரப்பர் சூட்டைக் கடத்துவதில் மகா சோம்பேறி. 150 டிகிரி பிரஸ்ஸில் வைத்தாலும் இந்தக் கனத்துக்கு நடுவரை சூடு போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். கனம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்காகும். சரி, காத்திருப்போம் என்றால் இயற்கை ரப்பரில் வெளித்தோல் அளவு மீறி வெந்து, ஏறிய வலு திரும்ப இறங்கத் தொடங்கும். ஷாப்பில் இதற்கு ரிவர்ஷன் என்று பெயர்.

இந்தத் தொல்லைக்கு மருந்தாகத்தான் உயரதிர்வெண் சூடேற்றல் வந்தது. ஆர்எஃப் (ரேடியோ ஃபிரீக்வென்சி) சூடேற்றல் என்பதும் இதுதான். சூட்டை வெளியிலிருந்து உள்ளே அனுப்பாமல், ரப்பருக்குள்ளேயே பிறக்க வைப்பது. இதைச் செய்து பார்த்து வெற்றி கண்டவர்கள் என்னிடம் வந்து கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "சார், ரப்பரை ஆர்எஃப்-ல சூடேத்தி மோல்டு பண்றோம், பேட்டன்ட் கிடைக்குமா?"

அந்த ஒரு வரிக்குக் கிடைக்காது. அந்த வரியைச் சாத்தியமாக்க நீங்கள் பட்ட பாட்டுக்குக் கிடைக்கலாம். எந்தப் பாட்டுக்கு, அதை எப்படிக் காகிதத்தில் ஏற்றுவது என்பதுதான் இந்தக் கட்டுரை. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தை வைத்து எழுதுகிறேன். விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது என் தொழில்.

சூடு எங்கிருந்து வருகிறது, தொல்லை எங்கிருந்து வருகிறது

காப்புரிமைக் கட்டுரையில் இயற்பியல் எதற்கு என்று தாண்டிப் போய்விடாதீர்கள். உங்கள் கண்டுபிடிப்பு ஒளிந்திருப்பது இங்கேதான்.

இரண்டு உலோகத் தட்டுகளுக்கு நடுவே ரப்பரை வைத்து, நொடிக்குக் கோடிக்கணக்கான தடவை திசை மாறும் மின்புலத்தைக் கொடுக்கிறோம். தொழிற்சாலை உபயோகத்துக்கென ஒதுக்கிய அலைவரிசைகளில் 13.56, 27.12, 40.68 மெகாஹெர்ட்ஸ் மூன்றும் இந்த வகைக்குப் பழக்கமானவை. 2450 மெகாஹெர்ட்ஸுக்குப் போனால் அது மைக்ரோவேவ். மூலக்கூறில் ஒரு முனை நேர்மின், மறுமுனை எதிர்மின் என்ற சாய்வு இருந்தால், புலம் திரும்பும்போதெல்லாம் அதுவும் திரும்பப் பார்த்து, உரசிச் சூடாகும். பிறக்கும் சூடு மூன்றைப் பொறுத்தது: அதிர்வெண், பொருளின் இழப்புக் காரணி (புலத்தின் ஆற்றலைப் பொருள் எந்த அளவு சூடாக்கிக்கொள்கிறது என்பதற்கான எண்), மின்புலத்தின் வலிமை. கடைசியது மட்டும் வர்க்கமாக ஏறும். புலம் இரட்டித்தால் சூடு நான்கு மடங்கு.

இந்த ஒரு வாக்கியத்திலிருந்தே பட்டறையின் அத்தனை தலைவலிகளும் கிளம்புகின்றன. சுத்தமான இயற்கை ரப்பர் வெறும் ஹைட்ரோகார்பன். சாய்வு இல்லாத மூலக்கூறு. புலத்தில் வைத்தால் சும்மா இருக்கும். நைட்ரைல், குளோரோபிரீன் வகைகள் சட்டென்று சூடு பிடிக்கும். கார்பன் பிளாக் சேர்த்தால் கணக்கே மாறிவிடும். அது சரியாகக் கலக்காமல் ஓரிடத்தில் கட்டிக்கொண்டால் அந்த இடம் மட்டும் கருகும். சூடு ஏற ஏற இழப்புக் காரணியும் ஏறும் காம்பவுண்ட் (ரப்பர் கலவை) என்றால், சூடான இடம் இன்னும் சூடாகிக் கையை மீறிப் போகும்.

அச்சு அடுத்த வம்பு. வழக்கமான எஃகு மோல்டுக்குள் ரப்பரை மூடி வைத்தால் புலம் உள்ளே நுழையாது. மோல்டின் இரண்டு பாதியையும் ஒன்றையொன்று தொடாமல் பிரித்து, அவற்றையே மின்தட்டாக்க வேண்டும். இல்லையென்றால் டெஃப்லான், பீங்கான் போன்ற மின்கடவாப் பொருளில் அச்சு செய்ய வேண்டும். அப்படிச் செய்தால் அச்சு குளிர்ந்தே கிடக்கும். நடு வெந்து, தோல் வேகாமல் நிற்கும். பழைய பிரஸ்ஸில் பட்ட பாட்டுக்கு நேர் தலைகீழ். எங்கேயாவது ஒரு காற்றிடைவெளி விட்டுவிட்டால் ரப்பரில் இருப்பதைவிடப் பல மடங்கு புலம் அந்த இடைவெளியில் குவிந்து, 'பட்' என்று பொறி பாயும். ஒரு தடவை பாய்ந்தால் அந்த அச்சில் கரிக்கோடு விழும். அதன்பின் ஒவ்வொரு தடவையும் அதே கோட்டில்தான் பாயும்.

இப்போது உங்கள் நோட்டை எடுத்து, இவற்றில் எந்தத் தொல்லையை நீங்கள் தீர்த்தீர்கள் என்று ஒரே வரியில் எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் காப்புரிமைக்கு இன்னும் நேரம் வரவில்லை.

பழசு எது என்று தேடுவது

மின்கடவாப் பொருளை உயரதிர்வெண்ணில் சூடேற்றுவது 1930களிலும் 40களிலுமே தொழிற்சாலைக்குள் வந்துவிட்டது. ஒட்டுப்பலகை ஒட்டினார்கள், பிளாஸ்டிக் தூளை மோல்டுக்குப் போடும் முன் சூடேற்றினார்கள், ரப்பரையும் விட்டுவைக்கவில்லை. கார் கதவு ஓரத்தில் ஒட்டும் ரப்பர் பீடிங் மாதிரி நீளமாக இழுத்து வருபவற்றை மைக்ரோவேவ் சுரங்கத்துக்குள் விட்டு வேகவைப்பது பல பத்தாண்டுப் பழக்கம். ஆகவே உங்களுக்கு எதிரான ஆவணங்கள் புதிதாக இருக்க வேண்டும் என்றில்லை. தாத்தா காலத்துக் காப்புரிமையே போதும். காலாவதியாகி யாரும் தீண்டாமல் கிடந்தாலும், 'இது ஏற்கெனவே தெரிந்தது' என்று காட்ட அதற்கு முழு உயிர் உண்டு.

தேடலில் புதியவர்கள் தடுமாறும் இடம் சொற்கள். இன்றைக்கு நாம் 'ஆர்எஃப் ஹீட்டிங்' என்கிறோம். 1940களில் எழுதியவர்கள் 'எலக்ட்ரானிக் ஹீட்டிங்' என்றார்கள். 'ஹை ஃபிரீக்வென்சி எலக்ட்ரோஸ்டாடிக் ஃபீல்டு' என்றார்கள். இன்றைய சொல்லைப் போட்டுத் தேடினால் அவை வலையில் விழாது. அதனால் சொல்லை நம்பாமல் வகைப்பாட்டு எண்ணைப் பிடியுங்கள். பன்னாட்டு வகைப்பாட்டில் பிளாஸ்டிக், ரப்பர் வார்ப்பு எல்லாம் பி29சி (B29C) என்ற வீட்டில் இருக்கின்றன. அதில் 35 என்பது சூடேற்றி இறுகவைக்கும் பகுதி. 35/08 அலைகளால் செய்வது. 35/12 அச்சு அசலாக நம்முடைய டைஎலக்ட்ரிக் சூடேற்றல், அதாவது மின்கடவாப் பொருளைப் புலத்தால் சூடேற்றுவது. சூடேற்றும் கருவியின் பக்கத்திலிருந்து பார்த்தால் எச்05பி (H05B) 6/46, மைக்ரோவேவ் என்றால் 6/64. இந்த நான்கையும் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் தேடல் தளமான எஸ்பாஸ்நெட்டிலும் கூகுள் பேட்டன்ட்ஸிலும் போட்டு, நம் ஊர் விண்ணப்பங்களுக்கு இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் தளத்திலும் தேடுங்கள். எல்லாம் இலவசம்.

நெருக்கமாக ஒன்று கிடைத்தால் அதோடு நிறுத்தாதீர்கள். அது யாரை மேற்கோள் காட்டுகிறது, பின்னால் வந்த யார் அதை மேற்கோள் காட்டுகிறார்கள் என்று இரண்டு பக்கமும் நூல் பிடித்துப் போங்கள். மூன்று நாள் தாராளமாக ஒதுக்குங்கள். ஒருவர் அரை நாளில் தேடி முடித்து, "ஒண்ணுமே இல்ல சார்" என்றால் எனக்கு வயிற்றைக் கலக்கும். ஒன்றுமே கிடைக்கவில்லை என்றால், பெரும்பாலும் தேடத் தெரியவில்லை என்று அர்த்தம்.

சட்டம் கேட்கும் மூன்று, மறுக்கும் ஒன்று

1970ஆம் வருடத்துக் காப்புரிமைச் சட்டம் கேட்பவை மூன்று. புதிதாக இருக்க வேண்டும். புத்திசார் படி ஒன்று இருக்க வேண்டும். அதாவது இந்தத் துறையில் கைதேர்ந்தவருக்கு 'இது தெரிந்ததுதானே' என்று தோன்றக் கூடாது. தொழிலில் பயன்பட வேண்டும். மூன்றாவது பற்றி ரப்பர்காரர்களுக்குக் கவலையே வேண்டாம். முதலாவதை ஏதாவது ஒரு சின்ன வித்தியாசம் காட்டித் தாண்டிவிடலாம். பலர் உருண்டு விழுவதெல்லாம் இரண்டாவதில்தான்.

அதற்கும் முன்னால் வாசலிலேயே நிற்பது பிரிவு 3(டி). மருந்துக் கம்பெனி வழக்குகளால் பேர்பெற்ற பிரிவு என்பதால் நமக்கென்ன என்று பலர் நினைக்கிறார்கள். அதன் வால் பகுதியைப் படியுங்கள்: தெரிந்த செயல்முறை, இயந்திரம் அல்லது கருவியை வெறுமனே பயன்படுத்துவது கண்டுபிடிப்பு ஆகாது, அந்தச் செயல்முறை புதிய பொருளைத் தந்தாலோ, புதிய வினைபொருள் ஒன்றையாவது பயன்படுத்தினாலோ தவிர. தெரிந்த ஆர்எஃப் கருவி, தெரிந்த ரப்பர், தெரிந்த வல்கனைசிங் (ரப்பரை வேகவைத்து இறுகவைப்பது) என்று மூன்றையும் சேர்த்து வைத்தால் இந்த வாலில் நேராக மாட்டிக்கொள்வீர்கள். இயற்கை ரப்பர் புலத்தைப் பிடித்துக்கொள்வதற்காக ஒரு புதிய சேர்மானத்தைப் போட்டு, அது வேகும்போது வினையிலும் கலந்துகொள்கிறது என்றால் 'புதிய வினைபொருள்' என்று வாதிட இடம் உண்டு. வெறும் நிரப்பியாக உட்கார்ந்திருந்தால் விண்ணப்பத்தைப் பரிசோதிக்கும் காப்புரிமை அலுவலக ஆய்வாளர் விடமாட்டார். இன்னொரு வழி, 'வெறும் பயன்பாடு' அல்ல, செயல்முறையையே மாற்றியிருக்கிறோம் என்று காட்டுவது. பெரும்பாலோருக்கு இந்த வழிதான் நடக்கும்.

3(எஃப்)-ஐயும் ஒரு பார்வை பாருங்கள். தெரிந்த கருவிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றும் தன் பாட்டுக்குத் தன் பழைய வேலையைச் செய்தால் அது கண்டுபிடிப்பு அல்ல என்கிறது. முன்சூடேற்றும் ஆர்எஃப் அடுப்பு இங்கே, சாதாரண பிரஸ் அங்கே, நடுவே கன்வேயர் என்றால் அதுதான்.

புத்திசார் படி என்றால் என்ன என்று நம் நாட்டில் இன்றைக்கும் எடுத்துக் காட்டுவது ஒரு பாத்திரக்கடைசல் வழக்கு. மிர்சாபூரில் பித்தளைப் பாத்திரம் செய்யும் ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ், கடைசலின்போது பாத்திரத்தை லேத்தில் பிடித்துக்கொள்ளும் அமைப்புக்குக் காப்புரிமை வாங்கியிருந்தது. பிஷ்வநாத் பிரசாத் ராதேஷ்யாம் என்ற நிறுவனம் எதிர்த்தது. 1978 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தக் காப்புரிமை செல்லாது என்றது. தெரிந்த உறுப்புகளை இணைத்தால் அந்த இணைப்பிலிருந்து புதிய விளைவு பிறக்க வேண்டும், வெறும் பட்டறை மேம்பாடு போதாது என்பதே தீர்ப்பின் சாரம். உங்கள் ஆர்எஃப் பிரஸ்ஸை இந்தத் தீர்ப்பின் முன் நிறுத்திப் பாருங்கள். 'வேகமாக வேகிறது' என்பது ஆர்எஃப் எங்கே போனாலும் செய்யும் வேலை. அது உங்கள் விளைவு அல்ல. 'கனம் மாறும் பொருளில் தோலும் நடுவும் ஒரே அளவு வேகின்றன, பொறி பாயவில்லை' என்றால் பேசத் தொடங்கலாம்.

கம்ப்யூட்டர் கட்டுப்பாடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ரப்பரும் காப்புரிமையும் சந்தித்த வழக்குகளில் உலகப் புகழ் பெற்றது 1981இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த 'டயமண்ட் எதிர் டியர்'. மோல்டுக்குள் இருக்கும் உண்மையான சூட்டைத் தொடர்ந்து அளந்து, சூட்டுக்கு ஏற்ப வினை எவ்வளவு வேகமாக நடக்கும் என்று சொல்லும் அர்ரீனியஸ் சமன்பாட்டில் போட்டு, வேகும் நேரத்தைத் திரும்பத் திரும்பக் கணக்கிட்டு, சரியான நொடியில் பிரஸ்ஸைத் திறக்கும் முறை அது. சமன்பாடு யாருக்கும் சொந்தமல்ல, ஆனால் விண்ணப்பதாரர் கேட்பது ரப்பரை வேகவைக்கும் முறையை என்று 5-க்கு 4 என்ற கணக்கில் காப்புரிமைக்குத் தகுதி உண்டு என்றார்கள். நம் சட்டத்தில் 3(கே) கணித முறையையும் அல்காரிதத்தையும் வெளியே நிறுத்துகிறது; அமெரிக்கத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது. ஆனாலும் எழுதும் விதத்துக்கு நல்ல பாடம். 'நேரத்தைக் கணக்கிடும் முறை' என்று எழுதாதீர்கள். எதை அளக்கிறீர்கள், எந்த வால்வு திறக்கிறது, எந்தத் தட்டு நகர்கிறது, ரப்பருக்கு என்ன ஆகிறது என்று எழுதுங்கள்.

சோதனை: அறுத்துப் பார்த்ததை எண்ணாக்குவது

'நன்றாக வேகிறது' என்பதற்கு ஆய்வாளர் மதிப்பெண் போடமாட்டார். எண் வேண்டும். அதுவும் பழைய முறையோடு ஒப்பிட்ட எண்.

ஒரே காம்பவுண்ட், ஒரே மோல்டு வடிவம். ஒன்றைச் சாதாரண பிரஸ்ஸில், ஒன்றைச் சாதாரண ஆர்எஃப் தட்டில், ஒன்றை உங்கள் அமைப்பில் வேகவையுங்கள். இரண்டாவதை, அதாவது சாதாரண ஆர்எஃப் தட்டை, விட்டுவிடுபவர்கள் அதிகம், முக்கியமானதே அதுதான். பிரஸ்ஸை ஆர்எஃப் ஜெயிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும், சாதாரண ஆர்எஃப்பை நீங்கள் ஜெயித்தீர்களா என்பதுதான் கேள்வி. மூன்றையும் அறுத்து, தோலிலிருந்து நடுவரை 5 மி.மீ.க்கு ஒரு சீவல் எடுங்கள். ஒவ்வொரு சீவலுக்கும் ஷோர் ஏ (ரப்பரின் கடினத்துக்கான அளவுகோல்) கடினம் பாருங்கள். முடிந்தால் டொலுயீன் என்ற கரைப்பானில் ஊறப்போட்டு எவ்வளவு உப்புகிறது என்று எடை போடுங்கள். சரியாக வேகாதது அதிகம் உப்பும். இந்த ஒரு அட்டவணை பத்துப் பக்கப் பேச்சுக்குச் சமம்.

வெப்பநிலை அளக்கும்போது ஜாக்கிரதை. புலம் ஓடிக்கொண்டிருக்கையில் சாதாரண தெர்மோகப்பிள் கம்பியை ரப்பருக்குள் செருகினால், அந்தக் கம்பியே புலத்தைக் கலைத்துத் தானும் சூடாகும். நீங்கள் அளந்தது ரப்பரின் சூடு அல்ல, கம்பியின் சூடு. ஃபைபர் ஆப்டிக் முனை வேண்டும். இல்லையென்றால் புலத்தை நிறுத்திய மறுநொடி ஊசி முனையைக் குத்தி எடுக்க வேண்டும். எதைச் செய்தீர்கள் என்று தேதி போட்டு எழுதி வையுங்கள். கருகியவற்றையும் எழுதுங்கள். 'இந்த எல்லைக்கு வெளியே போனால் கருகுகிறது' என்பது பிற்பாடு உங்களைக் காப்பாற்றும் தகவல்.

கிளைம்: ஒரு வரியை மூன்று தடவை எழுதுவது

விண்ணப்பத்தில் கடைசியாக வரும் உரிமைக்கோரல்கள், அதாவது கிளைம்கள்தான் உங்கள் நிலத்தின் வேலி. மற்றதெல்லாம் விளக்கம். ஒரு உதாரணத்தோடு எழுதிப் பார்ப்போம். ஒரு பக்கம் 24 மி.மீ., மறுபக்கம் 12 மி.மீ. கனமுள்ள ரப்பர் பஃபர் (அதிர்ச்சி தாங்கும் கட்டை) ஒன்றை வார்க்கிறோம்.

புதியவர் எழுதுவது: "ரப்பர் கலவையை அச்சில் இட்டு, உயரதிர்வெண் மின்புலத்தால் சூடேற்றி வார்க்கும் முறை." 1940களின் ஏதோ ஒரு ஆவணம் இதை ஒரே அடியில் சாய்த்துவிடும்.

பொருளின் வடிவத்துக்கே மின்தட்டை வளைத்தால் 12 மி.மீ. பக்கத்தில் புலம் இரட்டிப்பாகி, சூடு நான்கு மடங்காகும். தட்டையாக விட்டால் மெல்லிய பக்கத்துக்கு மேல் காற்றிடைவெளி விழுந்து பொறி பாயும். ஆகவே நீங்கள் அந்த இடைவெளியில் ஒரு துண்டைச் செருகினீர்கள். இரண்டாவது தடவை எழுதுகிறோம்: "இணையான இரு மின்தட்டுகளுக்கு நடுவே, கனம் மாறும் ரப்பர் கலவையின் மெல்லிய பகுதிக்கும் அதற்கு நேரான தட்டுக்கும் இடையில், அக்கலவையின் மின்கடவா மாறிலிக்கு நெருங்கிய மாறிலியும் அதைவிடக் குறைந்த இழப்புக் காரணியும் கொண்ட செருகுத்துண்டை வைத்துச் சூடேற்றும் முறை." (மின்கடவா மாறிலி என்பது, அடுத்தடுத்த பொருள்களில் புலம் எப்படிப் பங்காகும் என்பதைத் தீர்மானிக்கும் எண்.) இதில் உயிர் வந்துவிட்டது. ஆனால் தட்டுக்கும் பொருளுக்கும் நடுவே மின்கடவாத் துண்டு வைப்பது ஆர்எஃப்காரர்களுக்குப் பழகிய உத்தி என்பதால் ஆய்வாளர் இன்னும் முறைப்பார்.

அதனால் மூன்றாவது: அதே வாக்கியம், அதோடு "ரப்பரைத் தொடும் பக்கத்தில் மட்டும் அத்துண்டு இழப்பு மிகுந்த மேற்படலம் ஒன்றைக் கொண்டது, அப்படலம் ரப்பரின் தோலோடு சேர்ந்து சூடேறுகிறது" என்ற சேர்க்கை. நடு வெந்து தோல் நிற்கும் பிரச்சினையும் இதே துண்டிலேயே தீர்கிறது. ஒரே துண்டு இரண்டு வேலையைச் சேர்ந்து செய்வதால் 3(எஃப்) பேச்சுக்கும் பதில் கிடைக்கிறது. இது எழுதிக் காட்டுவதற்காக நான் கட்டிய உதாரணம். உங்களுடையது உங்கள் நோட்டிலிருந்து வரவேண்டும்.

இரண்டாவது வாக்கியத்தை முதல் கிளைமாகவும், மூன்றாவதை அதைச் சார்ந்த கிளைமாகவும், அதற்குக் கீழே வெப்பநிலை எல்லை, காம்பவுண்ட் வகை என்று படிப்படியாகவும் வையுங்கள். மேல்படி உடைந்தால் கீழ்ப்படியில் நிற்கலாம். எல்லை எண் போட்டால் அதற்குக் காரணம் விளக்கத்தில் இருக்க வேண்டும். '110 முதல் 130 டிகிரி' என்று எழுதிவிட்டு 100-லும் 140-லும் என்ன ஆகிறது என்று காட்டாவிட்டால் அது வெறும் அலங்காரம்.

முறைக்கு மட்டும் கேட்காமல் அந்த அச்சுக்கும் செருகுத்துண்டுக்கும் தனிக் கிளைம் கேளுங்கள் என்பது என் பிடிவாதமான ஆலோசனை. போட்டியாளர் தன் ஷெட்டுக்குள் எந்த முறையில் வேகவைக்கிறார் என்று விற்பனைக்கு வந்த பஃபரைப் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். அச்சு அப்படியல்ல; அதை யாரோ செய்து யாருக்கோ விற்றாக வேண்டும், பில் இருக்கும். எல்லாம் ஒரே கண்டுபிடிப்புக் கருத்தில் கட்டுப்பட்டிருந்தால் ஒரே விண்ணப்பத்தில் வைக்கலாம்.

வாயை மூடிக்கொள்வது

விண்ணப்பம் போடும் முன் வெளியே சொன்னால் புதுமை போய்விடும். எல்லோருக்கும் தெரியும், யாரும் கடைப்பிடிப்பதில்லை. சிறு யூனிட் நடத்தும் ஒருவர் கண்காட்சியில் ஸ்டால் போட்டு, தன் ஆர்எஃப் மோல்டைத் திறந்து வைத்து, குறுக்குவெட்டுப் படம் போட்ட நோட்டீஸும் அச்சடித்துக் கொடுத்துவிட்டு, மூன்று மாதம் கழித்து என்னிடம் வந்தார். "கண்காட்சின்னா ஒரு வருஷம் டைம் உண்டாமே சார்?" உண்டு, பிரிவு 31இல். ஆனால் மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சிக்குத்தான். அவருடையது அந்தப் பட்டியலில் இல்லை. கையில் அந்த நோட்டீஸை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். அதில் படம் அவ்வளவு தெளிவாக இருந்தது.

பிரஸ் செய்து தரும் கம்பெனி, ஆர்எஃப் ஜெனரேட்டர் விற்பவர், சோதனை செய்து தரும் கல்லூரி லேப், எல்லோரிடமும் பேசும் முன் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குங்கள். கூடவே இன்னொன்றையும் தீர்த்துக்கொள்ளுங்கள்: கண்டுபிடித்தவர் யார், உரிமை யாருக்கு. உங்கள் ஷிஃப்ட் சூப்பர்வைசர்தான் அந்தச் செருகுத்துண்டை யோசித்தார் என்றால் கண்டுபிடிப்பாளர் அவர்தான். கம்பெனி பெயரில் போட அவரிடம் உரிமை மாற்றுப் பத்திரம் வேண்டும். சம்பளம் கொடுக்கிறோமே என்பது அந்தப் பத்திரத்துக்கு ஈடாகாது.

தாமதத்துக்கு ரப்பரின் சரித்திரத்திலேயே சாட்சி இருக்கிறது. கந்தகத்தோடு சூடேற்றினால் ரப்பர் இறுகும் என்பதை சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டார். அமெரிக்கக் காப்புரிமை 1844இல்தான் வந்தது. இங்கிலாந்தில் அவர் விண்ணப்பிப்பதற்குச் சில வாரம் முன்பே, 1843 நவம்பரில், தாமஸ் ஹான்காக் முந்திக்கொண்டார். குட்இயரின் மாதிரித் துண்டுகள் அதற்குள் ஹான்காக்கின் கையை எட்டியிருந்தன.

தாக்கல், கட்டணம், காலக்கெடு

இந்தப் பகுதி பயமுறுத்தும், ஆனால் எளிது. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு கிண்டியிலுள்ள சென்னைக் காப்புரிமை அலுவலகம்; கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, புதுச்சேரிக்கும் அதுவே. போகத் தேவையில்லை, இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். படிவம் 1 விண்ணப்பம், படிவம் 2 விவரக்குறிப்பு (கண்டுபிடிப்பை விளக்கும் ஆவணம்), படிவம் 3 வெளிநாட்டு விண்ணப்பங்கள் பற்றிய உறுதிமொழி, படிவம் 5 கண்டுபிடிப்பாளர் அறிவிப்பு. தனிநபர், ஸ்டார்ட்அப், சிறுநிறுவனம், கல்வி நிறுவனம் என்றால் இணையவழிக் கட்டணம் 1,600 ரூபாய். பெரிய கம்பெனிக்கு 8,000. சிறுநிறுவனமும் ஸ்டார்ட்அப்பும் படிவம் 28-ஐச் சேர்க்க மறக்கக் கூடாது. 30 பக்கத்துக்கும் 10 கிளைமுக்கும் மேல் போனால் தனியாகக் கட்ட வேண்டும்.

சோதனை முடியவில்லை என்றால் முதலில் தற்காலிக விவரக்குறிப்பு போட்டு தேதியைப் பிடித்துக்கொள்ளலாம். 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு வர வேண்டும். தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும். இரண்டு பக்கத் தற்காலிகம் எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் செருகுத்துண்டு பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை என்றால், பழைய தேதி செருகுத்துண்டுக்குக் கிடைக்காது. தெரிந்ததையெல்லாம் அதிலேயே கொட்டுங்கள்.

சாதாரணமாக 18 மாதம் கழித்துத்தான் விண்ணப்பம் வெளியாகும். விண்ணப்பம் போட்டதாலேயே ஆய்வு நடந்துவிடாது. படிவம் 18 போட்டு 4,000 ரூபாய் (பெரிய கம்பெனிக்கு இதைவிட அதிகம்) கட்டிக் கேட்க வேண்டும். 2024 மார்ச் திருத்தத்துக்குப் பிறகு இதற்குக் கெடு 31 மாதம். முன்பு 48 மாதம் இருந்ததை மனதில் வைத்திருக்கும் பழைய கைகள் இன்னும் உங்களுக்குத் தப்பாகச் சொல்லக்கூடும். ஸ்டார்ட்அப், சிறுநிறுவனம், பெண் விண்ணப்பதாரர் போன்றோர் படிவம் 18ஏ போட்டு, 8,000 ரூபாயில் விரைவு ஆய்வு கேட்கலாம்.

வெளிநாட்டிலும் போடப் போகிறீர்களா? இந்தியாவில் முதலில் போட்டு ஆறு வாரம் பொறுங்கள். இல்லையென்றால் பிரிவு 39-ன் கீழ் அனுமதி வாங்குங்கள். இதை மீறினால் இங்குள்ள உரிமையே போய்விடும்.

முதல் ஆய்வறிக்கை வந்தவுடன்

அறிக்கையைப் பிரித்ததும் எல்லா கிளைமுக்கும் எதிர்ப்பு என்று இருக்கும். பதறாதீர்கள், அது வழக்கம். பதில் தர ஆறு மாதம், கேட்டால் இன்னும் மூன்று.

ஆய்வாளர் பெரும்பாலும் இரண்டு ஆவணத்தைச் சேர்த்துக் கட்டுவார். ஒன்று ஆர்எஃப்-ல் ரப்பர் வேகவைப்பது, இன்னொன்று வேறு துறையில், மரமோ பிளாஸ்டிக்கோ, மின்கடவாத் துண்டு வைத்துப் புலத்தைச் சமப்படுத்துவது. 'இரண்டையும் சேர்த்தால் உங்களுடையது' என்பார். 'எங்களுடையது வேறு' என்று கோபமாக எழுதுவதில் பயனில்லை. சேர்த்துப் பார்த்தால் உண்மையில் என்ன ஆகும் என்று காட்டுங்கள்: அந்தப் பிளாஸ்டிக் முறையில் சூடு முன்சூடேற்றலோடு முடிகிறது, துண்டு குளிர்ந்திருந்தாலும் அதைச் செய்பவருக்குக் கவலையில்லை; ரப்பரோ அச்சுக்குள்ளேயே வெந்தாக வேண்டும், அதே குளிர்ந்த துண்டை வைத்தால் தோல் வேகாது, இதோ இரண்டாவது மாதிரியின் சீவல் எண்கள். அறுத்த கட்டைக்கு இப்போதுதான் வேலை. அந்த எண்கள் முதலிலேயே விவரக்குறிப்பில் இருந்தால் வலு அதிகம், பிறகு சேர்க்கப் பார்த்தால் கேள்வி கிளம்பும்.

எழுத்தில் தீராவிட்டால் வீடியோ வழி விசாரணை நடக்கும். அங்கேயும் மறுத்தால் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு. சென்னை உயர் நீதிமன்றத்தில் இதற்கென்றே அறிவுசார் சொத்துப் பிரிவு 2023 முதல் இருக்கிறது.

கேட்கத்தான் வேண்டுமா?

கடைசியில் வைத்தாலும் முதலிலேயே யோசிக்க வேண்டியது இது. காப்புரிமை கேட்டால் உங்களுக்குத் தெரிந்த சிறந்த வழியைச் சட்டப்படி முழுசாக எழுதிக் கொடுக்க வேண்டும். 18 மாதத்தில் உலகமே படிக்கும். தாக்கல் தேதியிலிருந்து 20 வருடம் கழித்து அது எல்லோருக்கும் சொந்தம். உங்கள் வெற்றி காம்பவுண்ட் ரெசிப்பியிலும் எத்தனை நொடிக்கு எவ்வளவு புலம் என்ற கைப்பக்குவத்திலும் இருக்கிறது, பஃபரை அறுத்துப் பார்த்தாலும் யாருக்கும் பிடிபடாது என்றால், எழுதாமல் பூட்டி வைப்பதே லாபம். அச்சிலும் தட்டமைப்பிலும் இருக்கிறது என்றால் அதை ஒளித்து வைக்க முடியாது. மோல்டு ஷாப்பில் வேலை செய்த பையன் அடுத்த வாரம் வேறு இடத்தில் அதையே செய்வான். அதற்குக் காப்புரிமை போடுங்கள்.

இரண்டையும் பிரித்துச் செய்கிறவர்களும் உண்டு. அச்சுக்குக் காப்புரிமை, கலவைக்குப் பூட்டு. ஆனால் அந்தக் கலவை இல்லாமல் அச்சு வேலை செய்யாது என்றால், கலவையை மறைத்த விவரக்குறிப்பு முழுமையற்றது என்று பிற்காலத்தில் யாராவது ரத்து மனு போடுவார்கள். வேறு இரண்டு மூன்று சாதாரண காம்பவுண்டுகளிலும் அந்த அச்சு ஒழுங்காக வேகவைக்கிறதா என்று இப்போதே ஓட்டிப் பார்த்துவிடுங்கள். வேகவைத்தால் அந்த எண்களை விவரக்குறிப்பில் போடுங்கள். உங்கள் ரெசிப்பி அலமாரியிலேயே இருக்கட்டும்.